ஆற்றுச் சுழலும் மடுவும்: கடலூர், புதுச்சேரி ஆறுகளில் இறங்குமுன் படிக்க வேண்டிய முழு வழிகாட்டி

2022 ஜூன் மாதம், நெல்லிக்குப்பம் பக்கத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையை ஒட்டித் தேங்கிக் கிடந்த தண்ணீரில் குளிக்கப் போன ஏழு பேர் ஒரே நாளில் மூழ்கி இறந்தார்கள். ஏழு பேரும் சிறுமிகள், இளம்பெண்கள். அது வெள்ளக் காலம் இல்லை. கரையில் நின்று பார்த்தால் பயப்பட ஒன்றுமே தெரியாத தண்ணீர்.

ஆற்றில் யாராவது போய்விட்டால் சுழல் இழுத்துவிட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எது இழுத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அடுத்த வருஷம் அதே இடத்தில் அடுத்த பிள்ளை போயிருக்காது. நம் ஆறுகளில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பெரிய சுழல் இல்லை. தடுப்பணைக்குக் கீழேயும் பாலத் தூணடியிலும் மணல் அள்ளிய இடத்திலும் வெள்ளம் தோண்டிவிட்டுப் போன மடுதான். மேலே தண்ணீர் லேசாகத் திரும்பிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் அடையாளம். அந்த அடையாளத்தை எப்படிப் பார்ப்பது, மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, கரையில் நிற்பவர் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் படி: உங்கள் ஆற்றின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடலூர் பக்கம் தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம். புதுச்சேரிப் பக்கம் செஞ்சியிலிருந்து வரும் சங்கராபரணி. அது வில்லியனூரைத் தாண்டி வந்து கடைசியில் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று இரண்டாகப் பிரிந்து கடலில் சேர்கிறது. எல்லாமே பெரும்பாலும் மழையை நம்பிய ஆறுகள். ஐப்பசி, கார்த்திகையில் கரை தொட்டு ஓடும். சித்திரையில் மாடு மேயும்.

இதுதான் சிக்கலின் ஆரம்பம். வருஷத்தில் பாதிக்கு மேல் வெறும் மணலாகப் பார்த்துப் பழகிய ஆறு என்பதால், அடியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும் என நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மணல் ஆற்றின் அடி ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மாறும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரண்டு நாளுக்குள் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்குச் சுமார் 1.7 லட்சம் கனஅடி தண்ணீர் வந்தது. ஒரு கனஅடி என்பது 28.3 லிட்டர். கணக்குப் போட்டால் நொடிக்கு 48 லட்சம் லிட்டர். கடலூரின் ஆற்றோர ஊர்களும் புதுச்சேரியில் பாகூர் பக்கமும் தண்ணீரில் நின்றன. அத்தனை தண்ணீர் மணல்மேல் ஓடிய பிறகு, பழைய மேடு பழைய இடத்தில் இருக்காது. பழைய பள்ளமும் இருக்காது.

ஆகவே 'போன வருஷம் இங்கே இடுப்பளவுதான்' என்ற பேச்சை இந்த வருஷம் நம்பாதீர்கள். ஊர்ப் பெரியவர் சொன்னாலும் சரி, எந்த வெள்ளத்துக்கு முன்னால் அவர் பார்த்தது என்று கேளுங்கள்.

இரண்டாம் படி: சுழல் எப்படி உண்டாகிறது, எவ்வளவு ஆழம் போகிறது

ஓடும் தண்ணீர் ஒரு தடையில் மோதினாலோ, வளைவில் திரும்பினாலோ, இரண்டு ஓட்டங்கள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றை ஒன்று உரசினாலோ, ஓரத்தில் இருக்கும் தண்ணீர் பின்னால் திரும்பிச் சுற்ற ஆரம்பிக்கும். பாலத் தூணுக்குப் பின்னால் எப்போதும் பார்க்கலாம். சுற்றும் தண்ணீர் நடுவை நெருங்க நெருங்க வேகம் கூடும். ஒரு கல்லைக் கயிற்றில் கட்டிச் சுற்றி, கயிற்றை விரலில் சுருள விட்டால், கயிறு குறையக் குறையக் கல் விர்ரென்று சுற்றும் அல்லவா, அதே கணக்கு. வேகம் கூடும் நடுவில் அழுத்தம் குறைகிறது. அதனால் மேற்பரப்பு குழிந்து தெரிகிறது.

இங்கே ஆழம் என்றால் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் தெரியும் குழியின் ஆழம் ஒன்று. அது பெரும்பாலும் ஒரு சாண், இரண்டு சாண்தான். சுற்றும் ஓட்டம் கீழே எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பது இன்னொன்று. அந்த இடத்தில் ஆற்றின் மொத்த ஆழம் மூன்றாவது. குழியைப் பார்த்து ஆழத்தைக் கணிக்கவே முடியாது. மேலே நாலு விரல் குழிவுதான் தெரியும்; அடியில் இரண்டு ஆள் உயரம் இருக்கலாம்.

உலகில் பெயர்பெற்ற ஆற்றுச் சுழல் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் நயாகரா அருவிக்குக் கீழே உள்ள சுழல் மடு. அங்கே ஆறு ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்புகிறது. மடுவின் ஆழம் சுமார் 38 மீட்டர். 1875-இல் இங்கிலீஷ் கால்வாயை எந்தத் துணைக்கருவியும் இல்லாமல் முதன்முதலில் நீந்திக் கடந்தவர் கேப்டன் மேத்யூ வெப். அந்தக் காலத்தில் அவரைவிடப் பெயர்பெற்ற நீச்சல்காரர் கிடையாது. 1883 ஜூலையில் அந்தச் சுழலுக்கு மேலே இருக்கும் ஓட்டத்தை நீந்திக் கடக்க இறங்கினார், பிணமாகத்தான் கிடைத்தார். 'எனக்கு நல்லா நீச்சல் தெரியும்' என்று சொல்லிக்கொண்டு சட்டையைக் கழற்றும் ஒவ்வொரு பையனுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நம் ஆறுகளில் 38 மீட்டர் மடு எல்லாம் கிடையாது. ஆனால் ஐந்தடி உயரமுள்ள பிள்ளைக்கு ஏழடி ஆழமே போதும்.

இன்னொரு விஷயம், இது உயிரைக் காப்பாற்றும் விஷயம். சுழல் ஆளை அடிமட்டம் வரை இழுத்து அங்கேயே புதைத்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஓடும் ஆற்றில் கீழே போகும் தண்ணீர் எங்கேயாவது மேலே வந்தே ஆக வேண்டும். சுழலுக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீர் அடியிலிருந்து பொங்கி மழமழவென்று வட்டமாகப் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள்; கீழே போனது அங்கேதான் வெளியே வருகிறது. திறந்த ஆற்றுச் சுழலில் சிக்கியவரைப் பெரும்பாலும் சில நொடிகளில் ஆறே கீழ்ப்பக்கம் விட்டுவிடும். அந்தச் சில நொடிகளில் பதறி மூச்சு விட்டுவிடுவதும், தண்ணீர் குடித்துவிடுவதும், முள்ளிலோ வேரிலோ மாட்டிக்கொள்வதும்தான் உயிரை எடுக்கிறது. ஆறு தானாக விடாத இடங்கள் இரண்டு உண்டு: அணைக்கட்டுக்குக் கீழே உருளும் நீர், மதகு வாய். அவற்றைப் பற்றித் தனியாகவே சொல்கிறேன்.

சுழல் வலமாகச் சுற்றுகிறதா இடமாகச் சுற்றுகிறதா என்பதில் ஒன்றும் இல்லை. பூமி சுற்றுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இவ்வளவு சிறிய தண்ணீரில் அந்த விசை எடுபடாது. கரையின் அமைப்புதான் திசையைத் தீர்மானிக்கிறது.

மூன்றாம் படி: இடம் பார்த்துப் பயப்படுங்கள்

*தடுப்பணைக்குக் கீழே.* புதுச்சேரிப் பக்கம் படுகை அணை என்பார்கள். கெடிலத்தில் திருவந்திபுரம், தென்பெண்ணையில் சொர்ணாவூர், சங்கராபரணியில் செல்லிப்பட்டு என்று நமக்குத் தெரிந்த அணைக்கட்டுகள் எத்தனையோ. எந்தத் தடுப்பணையிலும் ஒரே அமைப்புதான். சுவர்மேல் வழிந்து விழும் தண்ணீர் கீழே கான்கிரீட் தளத்தில் விழும். தளம் சில மீட்டர் தூரம் நீளும், அப்புறம் முடிந்துவிடும். வெள்ளக் காலத்தில் தண்ணீர் அந்தத் தளத்தின் விளிம்பைத் தாண்டி மணலில் இறங்கும்போதுதான் அடியைத் தோண்டுகிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

வெள்ளம் வடிந்த பிறகு அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள். தளத்தின் மேல் முழங்காலளவுத் தண்ணீர், காலுக்குக் கீழே பாசி படிந்த வழுக்கல். தெளிவாகத் தரை தெரியும். நாலடி தள்ளி தண்ணீரின் நிறம் சட்டென்று கரும்பச்சையாக மாறும். அந்தக் கோடுதான் விளிம்பு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றரை அடி, அந்தப் பக்கம் ஒரு ஆளுக்கு மேல். நடுவில் சரிவு கிடையாது. பிள்ளைகள் தளத்தின் மேல் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள், ஒரு கால் வழுக்கும், அவ்வளவுதான். மேலே ஏற முயன்றாலும் பாசியில் கை பிடிக்காது. விளிம்புக்கு அடியில் மணல் அரித்துக் குடைந்திருந்தால் காலை ஊன்றவும் இடம் இருக்காது.

தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும் காலத்தில் இதே இடம் வேறு விதத்தில் கொல்லும். சுவரிலிருந்து விழும் நீர் அடிக்குப் போய், சற்றுத் தள்ளி மேலே வந்து, மேற்பரப்பில் திரும்பவும் சுவரை நோக்கியே ஓடிவரும். படுக்கைவாட்டில் உருளும் சுழல் இது. ஒரு மரக்கட்டையைப் போட்டால் சுவரடிக்கே திரும்பத் திரும்ப வந்து அடிபடுவதைப் பார்க்கலாம். ஆளும் அப்படித்தான் சுற்றுவார். நுரை கலந்த தண்ணீரில் காற்று நிறைந்திருப்பதால் உடம்பு வழக்கம்போல் மிதக்காது. கையை வீசினால் பிடிப்பும் கிடைக்காது. மூன்றடி உயரத் தடுப்பணைதானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். வெள்ளத்தில் பெரிய அருவியைவிட இந்தச் சின்னச் சுவர் மோசம்.

*பாலத் தூண்.* ஆல்பேட்டை தென்பெண்ணைப் பாலம், கடலூர் நகரத்துக் கெடிலம் பாலம், ஆரியபாளையம் சங்கராபரணிப் பாலம் என்று எந்தப் பாலமானாலும் வெள்ளம் தூணில் மோதும்போது ஒரு ஓட்டம் தூணோடு கீழே இறங்கி அடி மணலைத் தோண்டிவிடும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பள்ளம் அதிகபட்ச ஆழத்தில் இருக்கும். வடியும்போது தளர்ந்த மணல் பாதி வந்து மூடும். அந்த மணல் இறுகியிருக்காது. மேலே நின்றால் கால் உள்ளே போகும்.

*மணல் அள்ளிய பள்ளம்.* இதைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத முடியவில்லை. பொக்லைன் தோண்டிய பள்ளத்துக்குச் சரிவு கிடையாது, செங்குத்தான ஓரம்தான். தண்ணீர் நிரம்பிவிட்டால் மேலிருந்து ஆறு முழுக்க ஒரே மட்டமாகத் தெரியும். ஓரத்தில் நிற்கும்போது மணல் சரிந்து ஆளோடு உள்ளே இறங்கும். ஏற ஏறச் சரியும். நீச்சல் தெரிந்தவர்கூட ஓரத்தில் ஏறப் பார்த்தே களைத்துப்போவார். இப்படித் தோண்டியவர்கள் யாரும் ஒரு கம்புகூட நட்டுவிட்டுப் போவதில்லை.

*மதகு, குழாய், ஷட்டர்.* ஏரியிலும் வாய்க்காலிலும் ஆற்று அணைக்கட்டிலும் தண்ணீர் ஒரு துவாரம் வழியாக வெளியே போகும் இடம். மேலே சின்னதாக ஒரு சுழி தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. இங்கே இழுப்பு துவாரத்தின் வாயில்தான். இரண்டு அடி விட்டமுள்ள குழாய், இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு அந்த வாயை அடைத்துக்கொண்டால், அதைக் குழாயோடு சேர்த்து அழுத்தும் விசை 550 கிலோவுக்கு மேல். நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. ஷட்டரை மூடினால் அல்லது இரண்டு பக்கமும் மட்டம் சமமானால்தான் வருவார். அதனால் மதகுப் பக்கம் குளிக்கவே கூடாது, மீன் பிடிக்க இறங்கவும் கூடாது. மதகில் குப்பை அடைத்திருந்தாலும் உள்ளே இறங்கிக் கையால் எடுக்காதீர்கள். கரையிலிருந்து கொக்கிக் கழியால் இழுங்கள்.

*முகத்துவாரம்.* தேவனாம்பட்டினம் பக்கமும் சுண்ணாம்பாறு கடலில் சேரும் இடத்திலும் ஆற்றுநீரும் கடல்நீரும் மோதும். மணல்திட்டு ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. கடல் வற்றும் நேரத்தில், அதுவும் ஆற்றில் தண்ணீர் இருக்கும் காலத்தில், வெளியே ஓடும் ஓட்டம் ஆளைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். படகு விடும் மீனவர்களைக் கேட்காமல் அங்கே கால் நனைக்கவும் இறங்காதீர்கள்.

நான்காம் படி: இறங்காமலே ஆற்றைப் படியுங்கள்

முதலில் உயரமான இடத்தில், கரைமேலோ பாலத்திலோ நின்று பத்து நிமிஷம் பாருங்கள். தண்ணீர் ஓரத்தில் நின்று பார்த்தால் பாதி தெரியாது. நுரையோ ஆகாயத்தாமரையோ ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறதா, கரையோரத்தில் எதிர்த்திசையில் போகிறதா, நடுவில் எங்காவது பொங்குகிறதா என்று கவனியுங்கள். சுற்றிலும் சலசலப்பு இருக்க ஒரு இடம் மட்டும் மழுமழுவென்று அமைதியாக இருந்தால், அங்கே ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வேகம். கரையில் 10 மீட்டர் தூரத்தை அளந்து இரண்டு கல் வையுங்கள். மேல் பக்கத்திலிருந்து ஒரு தேங்காய் மட்டையை நடு ஓட்டத்தில் வீசி, முதல் கல்லிலிருந்து இரண்டாவது கல்லுக்கு எத்தனை நொடியில் வருகிறது என்று எண்ணுங்கள். 10 நொடி என்றால் வேகம் நொடிக்கு 1 மீட்டர். அந்த வேகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் பெரியவரைத் தண்ணீர் சுமார் 15 கிலோ விசையில் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு, 60 கிலோ. மூன்று மடங்கானால் 135 கிலோ. யாரும் நிற்க முடியாது. சாதாரணமாக நீந்தத் தெரிந்தவர் நொடிக்கு 1 மீட்டர் போவதே அதிகம். ஆகவே மட்டை 10 நொடிக்குள் வந்துவிட்டால் இறங்காதீர்கள். பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தால் 20 நொடியே என் எல்லை.

அப்புறம் ஆழம். தெளிந்த தண்ணீரில் தரை எப்போதும் மேலே தெரியும்: நாலடி ஆழம் கண்ணுக்கு மூன்றடியாகத் தெரியும். கலங்கிய தண்ணீரில் எதுவுமே தெரியாது. பாலத்திலிருந்தோ படகிலிருந்தோ ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு இறக்கிப் பாருங்கள். ஓட்டம் இருந்தால் கயிறு சாயும். அப்போது அளவு கூடுதலாகக் காட்டும், அதனால் கனமான கல்லாகக் கட்டுங்கள். ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்த வேண்டாம், இரண்டடிக்கு ஒரு முறை அளந்துகொண்டே போனால்தான் விளிம்பு எங்கே என்று புரியும். குளிக்கும் இடத்தில் நீளமான சவுக்குக் கழியை முன்னால் ஊன்றிப் பார்த்தே காலெடுத்து வையுங்கள். ஆளை இறக்கி ஆழம் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, மேலே என்ன நடக்கிறது என்று பாருங்கள். நமக்கு இங்கே வெயிலடிக்கும்போதே மேற்கே கொட்டிய மழை ஆற்றில் வந்து சேரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்துவர ஆரம்பித்தால், நனையாமல் இருந்த கல் நனைந்தால், துணியைக்கூட எடுக்க நிற்காமல் மேலே ஏறிவிடுங்கள். சாத்தனூர் அணையிலோ வீடூர் அணையிலோ தண்ணீர் திறக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் அன்றைக்கு ஆறு பக்கமே வேண்டாம்.

ஐந்தாம் படி: திருவிழா நாட்கள்

ஆடிப்பெருக்கு, மாசி மகம், தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. இவற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது ஆற்றுத் திருவிழாதான். சாமி ஆற்றுக்கு வரும், சிறுவள்ளிக்கிழங்கு விற்கும், ஊரே தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் இறங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்களே ஆன நேரம் அது. அதாவது அந்த வருஷத்து வெள்ளம் தோண்டிய பள்ளங்கள் புதிதாக, மூடாமல், ஓரம் இறுகாமல் இருக்கும் நேரம். யாருக்கும் அவை எங்கே என்று தெரியாது. சுற்றிலும் மணல் காய்ந்திருக்கும், நடுவில் அங்கங்கே தண்ணீர் தேங்கி நிற்கும், பிள்ளைகளுக்கு அதைக் கண்டதும் கால் நிற்காது.

அன்றைக்குப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருங்கள். ஒரு பெரியவர் தண்ணீரில் இறங்காமல், செல்போனைப் பார்க்காமல், கரையிலேயே நிற்க வேண்டும். அதுதான் அவருடைய வேலை. குடித்தவர்களை இறங்க விடாதீர்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை. புடவை, பாவாடை, வேட்டி எல்லாம் நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். முங்கி எழ வேண்டும் என்ற வேண்டுதல் இருந்தால் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து சொம்பால் ஊற்றிக்கொள்ளுங்கள். புண்ணியம் குறைந்துவிடாது.

ஆறாம் படி: சுழலில் மாட்டிக்கொண்டால்

எதிர்த்து நீந்தாதீர்கள். இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். ஓட்டத்தை எதிர்த்தால் ஒரு நிமிஷத்தில் கை சோர்ந்துவிடும்.

சுற்ற ஆரம்பித்ததும் முதலில் முகத்தை மேலே வைத்து ஒரு முழு மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பை நீட்டி மேற்பரப்பிலேயே படுத்தாற்போல் இருக்கப் பாருங்கள். செங்குத்தாக நின்றால் கீழ் ஓட்டம் காலைப் பிடிக்கும். சுற்று போகும் திசையிலேயே நீந்தி, சுற்றின் ஓரம் முதன்மை ஓட்டத்தைத் தொடும் பக்கம் வரும்போது முழு பலத்தோடு நாலைந்து வீச்சில் வெளியே பாயுங்கள். நடுவை விட்டு விலக விலக இழுப்பு குறையும். வெளியே வந்ததும் நேராகக் கரைக்கு வர முயலாதீர்கள். ஓட்டத்தோடு போய்க்கொண்டே சாய்வாகக் கரையை நெருங்குங்கள். இருநூறு மீட்டர் தள்ளிக் கரையேறினாலும் கரை கரைதான்.

கீழே இழுத்துவிட்டால், வாயை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கைகளால் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். இழுப்பு குறைவதை உடம்பே உணரும். அடி தட்டுப்பட்டால் காலால் உதைத்து, நேர் மேலே போகாமல் சாய்வாகக் கீழ்ப்பக்கம் வெளியேறுங்கள். நேர் மேலே போனால் அதே சுழலுக்குள்தான் தலை நீட்டுவீர்கள்.

தடுப்பணைக்குக் கீழே உருளும் நீரில் சிக்கினால் மேற்பரப்பு உங்களைச் சுவருக்கே கொண்டுபோகும். வெளியே போகும் ஓட்டம் அடியில் இருக்கிறது. தண்ணீர் உங்களைக் கீழே தள்ளும்போது அதோடு போய், அடியிலேயே கீழ்ப்பக்கம் நீந்தி, பொங்கும் கோட்டைத் தாண்டி மேலே வர வேண்டும். அது முடியாவிட்டால் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கரையை நோக்கி நகருங்கள். சொல்வது எளிது, செய்வது மிகவும் கடினம். அதனால்தான் வழிந்தோடும் தடுப்பணை பக்கமே போகாதீர்கள் என்று இவ்வளவு சொல்கிறேன்.

வேகமான ஓட்டத்தில் அடித்துப் போகும்போது மல்லாந்து, கால்களைக் கீழ்ப்பக்கம் நீட்டி, பாதம் மேலே தெரியும்படி மிதந்துகொண்டே போங்கள். நடுவில் காலை ஊன்றி நிற்கப் பார்க்காதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் தண்ணீர் உங்களை அப்படியே மடக்கி அமுக்கிவிடும்.

ஏழாம் படி: கரையில் நிற்பவர் செய்ய வேண்டியது

ஒருவர் தத்தளிப்பதைப் பார்த்ததும் அண்ணன் குதிப்பார், அண்ணனைக் காப்பாற்ற அப்பா குதிப்பார். ஒரே வீட்டில் இரண்டு, மூன்று பேர் போவது இப்படித்தான். பாசத்தில் குதிப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குதிக்காமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். ஒருவர் 112 அல்லது தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 அழைக்கட்டும். நீங்கள் ஆளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். மூழ்கிய இடத்தை எதிர்க்கரையில் இருக்கும் ஏதாவது மரத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அருகில் என்றால் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கழி, புடவை, வேட்டி எதையாவது நீட்டுங்கள். நின்றுகொண்டு நீட்டினால் அவர் உங்களையும் இழுத்துவிடுவார். தூரம் என்றால் மிதப்பதை வீசுங்கள்: மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன், லாரி டியூப், வாழைமரத் துண்டு. 20 லிட்டர் காலிக் கேன் ஏறக்குறைய 20 கிலோவைத் தாங்கும். தண்ணீரில் தலையை மேலே வைக்க ஒருவருக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. கயிறு கட்டி வீசினால் இன்னும் நல்லது. அவருக்குச் சற்று மேல்பக்கமாகவும் அவரைத் தாண்டியும் விழும்படி வீசினால், ஓட்டமே கயிற்றை அவர் கைக்குக் கொண்டுபோகும். கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

மதகில் ஆள் சிக்கியிருந்தால் ஒரு ஆள் ஷட்டரை மூட ஓடட்டும். அதற்கு முன் யாரும் உள்ளே இறங்க வேண்டாம்.

எட்டாம் படி: வெளியே எடுத்தவுடன்

இங்கே நம் ஊரில் ஒரு தவறான பழக்கம் இருக்கிறது. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. இரண்டையும் செய்யாதீர்கள். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது வாய்க்கு வந்து மூச்சுக்குழாயில் போகும். அதைவிட, போகும் ஒவ்வொரு நொடியும் மூளைக்கு ஆக்ஸிஜன் இல்லாத நொடி. நாலைந்து நிமிஷத்தில் மூளை பழுதாக ஆரம்பிக்கும்.

மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி மூச்சு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து, மார்பு எழும்பும் அளவுக்கு மூச்சு கொடுங்கள். முதலில் இரண்டு முறை. சில பயிற்சிகளில் ஐந்து என்று சொல்லித்தருவார்கள், இரண்டும் சரியே. உடனே மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பியுங்கள். பெரியவருக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. சிறு பிள்ளைக்கு மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். ஆம்புலன்ஸ் வரும்வரை, ஆள் மாற்றி மாற்றி, நிறுத்தாமல் செய்யுங்கள். வாந்தி வந்தால் தலையைப் பக்கவாட்டில் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

மூச்சு வந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டாம். நுரையீரலில் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரலாம். கடலூர் அரசு மருத்துவமனையோ ஜிப்மரோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டியவை

பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். பையன்கள் கிணற்றிலும் மோட்டார் கொட்டகைத் தொட்டியிலும் எப்படியோ கற்றுக்கொள்கிறார்கள். பெண்களை மட்டும் கரையில் உட்கார வைத்துவிட்டு, ஒருநாள் அவர்கள் கால் வழுக்கி விழுந்தால் அழுகிறோம். கோடை விடுமுறையில் ஒரு மாதம் போதும், குறைந்தபட்சம் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்டால்கூடப் போதும். நீச்சல் தெரிந்தாலும் மடுவில் இறங்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லித்தாருங்கள்.

குளிக்கும் துறையிலும் தடுப்பணையிலும் 25 மீட்டர் நைலான் கயிறும் மூடிய காலிக் கேன் ஒன்றும் கட்டித் தொங்கவிடுங்கள். யாராவது எடுத்துப் போய்விட்டால் மறுபடி கட்டுங்கள், விலை பெரிதில்லை. 'இங்கு குளிக்கத் தடை' என்று மட்டும் எழுதும் பலகையை யாரும் மதிப்பதில்லை. 'இந்த இடத்தில் ஆழம் 12 அடி' என்று அளந்து எழுதினால் நின்று படிப்பார்கள்.

மார்கழியில் மழை நின்று தண்ணீர் வடிந்ததும், ஆற்றுத் திருவிழாவுக்கு முன்னால், ஊராட்சியும் இளைஞர்களும் சேர்ந்து சாமி இறங்கும் துறையைக் கயிறும் கழியும் கொண்டு ஒருமுறை அளந்துவிடுங்கள். பள்ளம் தட்டுப்படும் இடமெல்லாம், விளிம்பிலிருந்து ஆறடி முன்னாலேயே சவுக்குக் கழி நட்டு சிவப்புத் துணி கட்டுங்கள். மாசி மகம் முடியும்வரை அது நிற்கட்டும். அடுத்த மழையில் கழி போய்விடும், பள்ளமும் இடம் மாறியிருக்கும். அடுத்த மார்கழியில் புதிதாக அளந்து நட வேண்டும்.